வாங்கிய நம்பரா, வாய்த்த நம்பரா? பிரிட்டன் கார்களின் பிளேட்டைப் படிப்பது எப்படி

கேள்வி சுருக்கமாக இதுதான். பிரிட்டனுக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர், மோட்டார்வேயில் முன்னால் போன காரின் நம்பர் பிளேட்டில் ‘பாஸ்’, அதாவது முதலாளி, என்று படிக்கும்படி இருந்ததைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு பார்க்கிங்கில் நின்ற காரில் ‘சாரா’ என்று இருந்ததாம். இதெல்லாம் தற்செயலா, காசு கொடுத்து வாங்கியதா, பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது, இதில் எது ரசனை, எது மட்டம் என்று கேட்கிறார்.

கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஆறு வருடம் கவுன்டரில் நின்றவன் நான். பிளேட் அடித்துக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. ஒளியைத் திருப்பியடிக்கும் தாளில் எழுத்தை அச்சடித்து, அக்ரிலிக் தகட்டோடு ஒட்டி, உருளைக்குள் விட்டு எடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை சுலபம். பிளேட் வாங்க வருகிறவரோடு பேசுவதுதான் கஷ்டம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சாதாரண பிளேட்டைப் படிக்கப் பழக வேண்டும். இப்போதைய அமைப்பு 2001 செப்டம்பர் 1-ல் வந்தது. இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், ஓர் இடைவெளி, மூன்று எழுத்து. முதல் எழுத்து, வண்டி முதலில் பதிவான வட்டாரம். எல் என்றால் லண்டன், எஸ் என்றால் ஸ்காட்லாந்து, பி பர்மிங்காம், ஒய் யார்க்‌ஷயர், ஈ எசெக்ஸ். வேல்ஸுக்கு சி, ஏனென்றால் அவர்கள் மொழியில் அந்த நாட்டின் பெயர் கம்ரி. நடுவில் உள்ள இலக்கம் வயது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதிவானால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் அதோடு 50-ஐக் கூட்ட வேண்டும். 2024 மார்ச் வண்டி 24, அதே ஆண்டு செப்டம்பர் வண்டி 74. கடைசி மூன்று எழுத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

அதற்கு முன்னால், 1983 ஆகஸ்ட் முதல் 2001 வரை, வேறு அமைப்பு. முன்னால் ஒரே எழுத்து, பிறகு ஒன்று முதல் மூன்று இலக்கம், பிறகு மூன்று எழுத்து. முதல் எழுத்துதான் ஆண்டு. அதற்கும் முன்னால், 1963-ல் தொடங்கிய அமைப்பில், இதுவே தலைகீழ். மூன்று எழுத்து, இலக்கம், கடைசியில் ஆண்டு எழுத்து. 1963-க்கு முந்தைய பிளேட்டுகளில் ஆண்டே கிடையாது. சில எழுத்து, சில இலக்கம், அவ்வளவுதான். இவற்றைத் தேதியில்லாத நம்பர் என்பார்கள்.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு அதன் உண்மையான வயதைவிட இளமையாகக் காட்டும் நம்பரைப் போட முடியாது. மூப்பாகக் காட்டலாம். 2015-ல் வந்த காருக்கு 74 என்ற நம்பரை டிவிஎல்ஏ தராது. (சுவான்சியில் இருக்கும் ஓட்டுநர், வாகன உரிம நிறுவனம்தான் டிவிஎல்ஏ.) ஆனால் நேற்று ஷோரூமிலிருந்து வெளியே வந்த காருக்கு 1965-ம் ஆண்டு நம்பரைத் தாராளமாக மாட்டலாம்.

கண்டுபிடிப்பதற்கான முதல் துப்பு இதுதான். புத்தம் புதிய கார், ஆனால் பிளேட் இருபது வருடம் பழையது என்றால் அது வாங்கிய நம்பர். வேறு வழியே இல்லை. கார் மாடல்கள் உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டாலும் விளக்கின் வடிவத்தைப் பார்த்தால் போதும். ஒல்லியான எல்இடி கீற்று விளக்கு, கீழே 1990-களின் பிளேட். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இரண்டாவது துப்பு, கடைக்கு வெளியே நிறைய பேருக்குத் தெரியாதது. ஆண்டு எழுத்து முன்னால் வரும் 1983 அமைப்பில், 1 முதல் 20 வரையான இலக்கங்களைச் சாதாரணக் கார்களுக்குக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். பின்னால் விற்கலாம் என்ற கணக்கு. 1989-ல் அந்த விற்பனை தொடங்கியது. ஆகவே அந்த வகைப் பிளேட்டில் 20 அல்லது அதற்குக் கீழே இலக்கம் இருந்தால், கார் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி, யாரோ எப்போதோ காசு கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்த ‘சாரா’வுக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. முன்னால் எஸ், பிறகு ஏ-க்குப் பதிலாக 4, ஓர் இடைவெளி, பிறகு ஆர், ஏ, எச். எஸ் என்பது 1998 ஆகஸ்டில் வந்த ஆண்டு எழுத்து. 4 என்பது எடுத்து வைத்த இலக்கம். வாய்த்ததல்ல, வாங்கியது.

மூன்றாவது துப்பு கொஞ்சம் ஏமாற்றும். எழுத்துகளுக்கு நடுவில் ஐ அல்லது இசட் இருந்து, வயதைக் காட்டும் எதுவும் இல்லாவிட்டால், அது வட அயர்லாந்து நம்பர். அங்கே இன்றும் தேதியில்லாத அமைப்புதான். அங்கே பதிவான வண்டிக்கு அது சர்வ சாதாரணம். ஆனால் இங்கிலாந்தில் ஓடும் டூரிஸ்ட் பஸ்களில் அதை அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த பஸ்காரர்களுக்குப் பெயரும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். பஸ்ஸின் வயது பயணிக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். தலைக்குச் சாயம் பூசுவது போல. இதை நான் மட்டம் என்று சொல்ல மாட்டேன், பிழைப்பு.

எதிர்ப் பக்கத்து எச்சரிக்கையும் ஒன்று. ஈ, வி என்று தொடங்கும் பிளேட்டைப் பார்த்தவுடன் ‘மின்சாரக் கார்க்காரர் பெருமையடிக்கிறார்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈ எசெக்ஸ் என்று சொன்னேனே. அங்கே பதிவான டீசல் வேனுக்கும் அந்த இரண்டு எழுத்து தற்செயலாக வரலாம்.

சரி, இனி எழுத்து விளையாட்டு. அமெரிக்காவின் மாநிலங்களில் ஏறக்குறைய இஷ்டப்பட்ட வார்த்தையை எழுதிக் கேட்கலாம். விபரீதமும் அங்கேதான் அதிகம். கலிஃபோர்னியாவில் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆள் தன் காருக்கு ‘நல்’ என்ற சொல்லை நம்பராக வாங்கினார். கணினி மொழியில் அதற்கு ‘இங்கே தகவல் எதுவும் இல்லை’ என்று பொருள். நம்பர் பதியாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டெல்லாம் அவர் வீட்டு முகவரிக்கு வர ஆரம்பித்தன. மொத்தம் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல்.

பிரிட்டனில் அந்தச் சுதந்திரம் கிடையாது. நீங்கள் விரும்பும் சொல்லை நீங்களே புதிதாக உருவாக்க முடியாது. ஏற்கெனவே சொன்ன அமைப்புகளில் ஒன்றுக்குள் அது வந்து உட்கார வேண்டும். இலக்கம் வரவேண்டிய இடத்தில் இலக்கம், எழுத்து வரவேண்டிய இடத்தில் எழுத்து. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது போலத்தான். தளை தட்டாமல் சொல்ல வந்ததைச் சொன்னால் கைதட்டலாம். எனக்கு இந்தக் கட்டுப்பாடுதான் சுவாரசியம்.

எந்த இலக்கம் எந்த எழுத்துக்கு வேஷம் கட்டும் என்று பாருங்கள். சட்டப்படியான எழுத்துருவில் 1-க்கும் ஐ-க்கும் வித்தியாசமே கிடையாது. 0-வும் ஓ-வும் அச்சு அசல் ஒன்று. ஆகவே இந்த இரண்டும் வேஷமே இல்லை, முகமே அதுதான். 5-ஐ எஸ் என்றும், 4-ஐ ஏ என்றும், 3-ஐ ஈ என்றும் படிப்பதற்குக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும், ஆனால் கண் ஒத்துக்கொள்கிறது. 6 ஜி ஆகும், 7 டி ஆகும், 8 பி ஆகும். அதற்குப் பிறகுதான் வம்பு. 13-ஐ நெருக்கி வைத்து பி என்பது, 12-ஐ நெருக்கி ஆர் என்பது, 11-க்கு நடுவில் ஒரு கறுப்பு ஆணியை அடித்து எச் என்பது. இவையெல்லாம் பார்க்கிறவரைக் கெஞ்சுகிற பிளேட்டுகள். ‘கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாருங்களேன்’ என்று பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்கிறது. என் அகராதியில் மட்டம் என்பது இதுதான். பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அதைப் படிக்க வைக்க உரிமையாளர் என்ன பாடு படுகிறார் என்பதைப் பாருங்கள்.

செப்டம்பர் கணக்கில் 50 கூட்டுவதால் ஒரு வேடிக்கை உண்டு. 2001 முதல் 2009 வரை செப்டம்பர் வண்டிகளின் இலக்கம் எல்லாம் 5-ல் தொடங்கின, அதாவது எஸ்-ல். 55 இரட்டை எஸ். 54 என்றால் எஸ், ஏ. 2010 மார்ச்சில் 10 வந்தது, ஐ-யும் ஓ-வும். அதே செப்டம்பரில் 60, ஜி-யும் ஓ-வும். 2020 செப்டம்பரில் 70 வந்து டி தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆங்கிலத்தில் புதிதாக ஒரு கொத்துச் சொற்கள் விளைகின்றன. அதில் கெட்ட வார்த்தையாகப் படிக்கக் கூடியவற்றை வெளியிடுவதற்கு முன்பே டிவிஎல்ஏ பொறுக்கி எடுத்து நிறுத்தி வைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சில அரசு ஊழியர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆபாசச் சொற்களை யோசித்து எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். நல்ல வேலை.

நம் பெயர்களுக்கு வருவோம், ஏனென்றால் படிக்கிற பலருக்கும் அந்த ஆசை இருக்கும். 1983 அமைப்பு தமிழ்ப் பெயர்களுக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. ஆர், 4, இடைவெளி, ஜே, ஏ, என் என்றால் ராஜன். எஸ், 1, இடைவெளி, வி, ஏ, என் என்றால் சிவன். இடைவெளி விழுகிற இடத்தைப் பாருங்கள். ரா, ஜன் என்று அசை பிரிகிற இடத்திலேயே விழுகிறது. நேர் நேர், தேமா. சாராவும் தேமாதான். சிவன் மட்டும் ஒரே நிரையசை, அதை நடுவில் வெட்டக் கூடாது என்று தமிழாசிரியர் யாராவது ஆட்சேபிக்கலாம். டிவிஎல்ஏ-வுக்கு அது தெரியாது. இன்னொரு சங்கடம், சிவனைக் கேட்டு ஏலத்துக்கு வருகிறவர் சிவபக்தராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலேயக் கண்ணுக்கு அதில் தெரிவது கடைசி மூன்று எழுத்து மட்டும்தான். சரக்கு வேன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் உங்களுக்குப் போட்டி.

இப்போது சட்டம். எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர். அகலம் 50, 1-க்கும் ஐ-க்கும் மட்டும் விலக்கு. கோட்டின் தடிமன் 14. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் 11. இரண்டு தொகுதிகளுக்கு நடுவில் 33. முன்னால் வெள்ளைப் பின்னணி, பின்னால் மஞ்சள். சாய்வெழுத்துக்கு இடமில்லை. கீழே பிளேட் அடித்த கடையின் பெயரும் அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். தனியாக வெட்டி ஒட்டிய தடித்த எழுத்துகளை நான்கு பரிமாணம் என்று விற்கிறார்கள். நான்காவது பரிமாணம் எது என்று என்னைக் கேட்காதீர்கள். அளவு சரியாக இருந்தால் அதற்குத் தடையில்லை. இடைவெளியை நகர்த்துவது, ஆணியை எழுத்தாக்குவது இரண்டும் குற்றம். அபராதம் 1,000 பவுண்டு வரை போகும், ஆண்டுப் பரிசோதனையில் வண்டி தேறாது, முற்றினால் அந்த நம்பரையே பறித்துக்கொள்ள டிவிஎல்ஏ-வுக்கு அதிகாரம் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நம்பரை இரண்டு ஆணிக்காக இழப்பது என்ன கணக்கோ.

அந்த 33 மில்லிமீட்டரில்தான் கவுன்டரில் என் நேரமெல்லாம் போனது. ஓட்டுநர் உரிமமும் லாக் புக்கும் (வண்டியின் பதிவுச் சான்று) பார்க்காமல் நாங்கள் பிளேட் அடிக்கக் கூடாது. இரண்டையும் நீட்டிவிட்டு ஆரம்பிப்பார்கள். ‘அந்த இடைவெளியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ள முடியுமா?’ முடியாது. ‘போன வாரம் இன்னொரு கடையில் செய்து கொடுத்தார்களே.’ அப்படியானால் அங்கேயே போங்கள். ‘சாலையில் போட மாட்டேன், கண்காட்சிக்கு மட்டும்.’ இதைச் சொன்ன ஒருவர் அதே பிளேட்டைக் கடை வாசலில் வைத்தே காரில் திருகிக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் கடையில் அடித்தது இல்லை, பக்கத்தில் எங்கேயோ வாங்கி வந்தது. எங்களிடம் திருப்புளி மட்டும் கடன் கேட்டார்.

மட்டமானவற்றில் வகை உண்டு. எல்லாமே ஒரே அளவில் என்னைச் சங்கடப்படுத்துவதில்லை.

காரின் பெயரையே நம்பரிலும் சொல்வது ஒன்று. போர்ஷே 911-ன் பின்பக்கம் போர்ஷே என்று எழுதியிருக்கிறது, வடிவத்தைப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே பிளேட்டிலும் 911. திருமண மண்டப வாசலில் ‘இது திருமண மண்டபம்’ என்று போர்டு வைத்தது போல. அது பரவாயில்லை. காரை விற்றுவிட்டு நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு அதைச் சின்னக் குடும்பக் காரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 911-ஐப் பார்க்கும்போது எனக்குக் கேலி வராது, இரக்கம்தான் வரும்.

‘நான் பெரிய ஆள்’ வகை இன்னொன்று. பாஸ், ராஜா, பணக்காரன். இதில் எழுத்துப் பொருத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொருள் காலை வாரிவிடும். உண்மையான பாஸுக்குப் பின்னால் வருகிற டிரைவரிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவை என்ன? ‘கிங்ஸ்’ என்று படிக்கும் நம்பர் ஒன்று, கே, 1, பிறகு என், ஜி, எஸ், 1993 ஏலத்தில் 2,31,000 பவுண்டுக்குப் போனது. உண்மையான மன்னரின் அரசு விழாக் கார்களில் நம்பர் பிளேட்டே கிடையாது.

கணவன் மனைவி ஜோடி நம்பர் எனக்குப் பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. இருவருடைய முதலெழுத்தும் ஒன்றாக இருந்து, ஒருவருக்கு 1, மற்றவருக்கு 2 என்று வாங்குவார்கள். யாருக்கு 1 என்பதைக் கவுன்டரிலேயே பேசி முடிக்காமல் வெளியே போன ஒரு தம்பதியை நினைவிருக்கிறது. மனைவி திரும்பி வந்து லாக் புக் இரண்டையும் மாற்றி வைத்தார். நான் வாய் திறக்கவில்லை.

தொழிலைச் சொல்லும் நம்பரை மட்டத்தில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி டார்பக்கின் காரில் சி, ஓ, எம், 1, சி. படித்தால் ‘காமிக்’. மாயாஜாலக்காரர் பால் டேனியல்ஸ் எம், ஏ, ஜி, 1, சி வைத்திருந்தார், ‘மேஜிக்’. இரண்டையும் அமைப்பு தெரிந்து பாருங்கள். மூன்று எழுத்து, ஓர் இலக்கம், கடைசியில் ஆண்டு எழுத்து. சி என்றால் 1965. ஏதோ ஒரு கார் 1965-ல் பதிவாகியிருக்கக் கூடிய சாதாரண நம்பர்தான், ஓர் ஆணிகூடத் தேவைப்படவில்லை. 1 தன் முகத்தோடேயே ஐ-ஆக நிற்கிறது. மேடையில் வேலை செய்கிறவர்களுக்கு விளம்பரமும் ஆயிற்று. ஈற்றடி விழுந்த வெண்பா என்றால் இதுதான்.

கறுப்புப் பிளேட்டில் வெள்ளி எழுத்தைப் புதிய காரில் பார்த்தால் அது முழுக்க வேஷம். 1980 ஜனவரி 1-க்கு முன் செய்து, பழங்கால வாகனம் என்று பதிவான வண்டிக்கு மட்டும்தான் அது அனுமதி.

இந்தப் பைத்தியம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், முதல் நாளிலேயே. 1903-ல் சட்டம் வந்து, 1904 ஜனவரி 1 முதல் நம்பர் கட்டாயமானது. லண்டன் கவுன்டி கவுன்சில் கொடுத்த ‘ஏ 1’ போய்ச் சேர்ந்த இடம் எர்ல் ரஸ்ஸல், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன். அதற்காக இரவு முழுக்க வரிசையில் காத்திருந்தார் என்பார்கள். எசெக்ஸ் கவுன்டி கவுன்சில் கையில் ‘எஃப் 1’ பல பத்தாண்டுகள் இருந்தது. கார் பந்தயம் அந்தப் பெயரில் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 2008-ல் விற்றார்கள், 4,40,625 பவுண்டு. 2014-ல் ‘25 ஓ’ என்ற நம்பரை டிவிஎல்ஏ ஏலம் விட்டபோது கட்டணமெல்லாம் சேர்த்து 5,18,000 பவுண்டு ஆனது. வாங்கியவர் ஃபெராரி வியாபாரி, மாட்ட நினைத்தது ஒரு பழைய ஃபெராரி 250-ல். ஓ-வும் பூஜ்யமும் ஒன்று என்று மேலே சொன்னது நினைவிருக்கிறதா? அரை மில்லியன் பவுண்டு அந்த ஒற்றுமைக்குத்தான். காரின் பெயரை நம்பரில் சொல்வது மட்டம் என்றேன். இதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. காரணம் கேட்டால், ஆணி இல்லை, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டாம், டிவிஎல்ஏ-விடம் 250 பவுண்டிலிருந்தே நம்பர் கிடைக்கிறது. ஆனால் என்ன கொடுத்தாலும் நம்பர் உங்கள் சொத்தாகாது, அதை வண்டியில் போடும் உரிமைதான் உங்களுடையது. இதைக் கவனிக்காதவர்கள் அழுதிருக்கிறார்கள். காரை விற்பதற்கு முன் நம்பரைத் தனியாக எடுத்து உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளாவிட்டால், அது காரோடு புதியவருக்குப் போய்விடும். அதேபோல நம்பர் மாறினால் அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

கவுன்டரில் நான் அடித்ததில் மறக்க முடியாத பிளேட்டில் எந்தச் சொல்லும் இல்லை. வயதான ஓர் அம்மாள். மிகச் சாதாரணமான சின்னக் கார். தேதியில்லாத நம்பர், மூன்று எழுத்து, மூன்று இலக்கம், எப்படித் திருப்பிப் படித்தாலும் அர்த்தம் வராது. அவர் பெயருக்கும் அதற்கும் ஒட்டோ உறவோ இல்லை. ‘என் அப்பாவின் முதல் காரில் இருந்தது’ என்றார். அப்பாவின் காரிலிருந்து அண்ணனுடையதற்கு, அங்கிருந்து இவருடையதற்கு, ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம்பர் மாற்றத்துக்கு இங்கே ஒரு பழைய பெயர் உண்டு, ‘பேணி வைத்த நம்பர்’ என்ற பொருளில். அன்றைக்குத்தான் அந்தப் பெயர் எனக்கு விளங்கியது. இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அவரே அளவுகோலை வாங்கி அளந்து பார்த்தார்.

இனி உங்கள் இரண்டு கார். சாராவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாங்கியது, ஆனால் சட்டமும் சரி, அசையும் சரி, உறுத்தல் இல்லாத பிளேட். சாரா என்ற பெண்ணே ஓட்டினால் எனக்கு ஆட்சேபனை கிடையாது.

பாஸ் விஷயத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பி, ஓ, 55 என்று தொடங்கி, இடைவெளி விட்டு மூன்று எழுத்தோடு முடிந்திருக்கும். பி பர்மிங்காம், 55 என்றால் 2005 செப்டம்பர். கார் அந்தக் காலத்தையதாகவே இருந்தால் சும்மா வாய்த்திருக்கவும் வாய்ப்புண்டு, பர்மிங்காமில் ஓர் ஆசிரியை எந்த நினைப்பும் இல்லாமல் வாங்கிய பழைய காராக இருக்கலாம். புதிய மாடல் என்றால் சந்தேகமே வேண்டாம். தளை தட்டவில்லை, பொருள்தான் தட்டுகிறது. மறுபடி கண்ணில் பட்டால் அந்தக் கடைசி மூன்று எழுத்தைப் படித்து வையுங்கள், பாஸுக்குப் பெயர் என்ன என்பது அங்கேதான் இருக்கும். அப்படியே ஆணி எங்கே அடித்திருக்கிறது என்றும் ஒரு பார்வை.